ஒரே கத்தி என்னும் கனவு

இலக்கியம் பேசும் இடத்தில் கத்திக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். காட்டில் முகாமிடச் செல்பவரின் இடுப்பில் எப்படிப்பட்ட கத்தி இருக்க வேண்டும் என்பது பற்றி நான் வாசித்தவற்றில் ஆகச் சிறந்த பக்கங்களை எழுதியவர்கள் இருவர். ஒருவர் காலணி தைக்கும் தொழில் செய்த கவிஞர். மற்றவர் இத்தாலியில் பெத்ரார்க்கின் நூல்தொகுப்பு ஒன்றில் பணிபுரிந்த நூலகர். இருவரும் அமெரிக்கர்கள், இருவரும் கத்தியைப் பற்றி எழுதியபோது உண்மையில் மனிதன் காட்டுக்குள் எந்த மனநிலையோடு நுழைகிறான் என்பதைப் பற்றித்தான் எழுதினார்கள் என்று நான் நினைக்கிறேன். இந்தக் கட்டுரைக்கான முகாந்திரம் அதுதான்.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கத்தியை அது அன்றாடம் செய்யப்போகும் வேலையைக் கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும். வாழ்நாளில் ஒருமுறை வரலாம் என்று நாம் கற்பனை செய்துகொள்ளும் ஆபத்தைக் கொண்டு அல்ல. இது மிகச் சாதாரணமான கருத்தாகத் தோன்றலாம். ஆனால் இன்று கடைகளிலும் காணொளிகளிலும் முன்வைக்கப்படும் முகாம் கத்திகளில் கணிசமானவை இதற்கு நேர் எதிரான அடிப்படையில் செய்யப்படுகின்றன.

முகாமில் ஒரு கத்தி என்னதான் செய்கிறது? வட அமெரிக்காவில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் நாலைந்து சேர்ந்து ஒரு வார இறுதிக்கு ஏதாவது ஒரு பூங்காவின் முகாம் திடலில் தங்கும் வழக்கம் இப்போது பரவலாகிவிட்டது. அப்படியான இரண்டு நாட்களில் கத்திக்கு வரும் வேலைகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். அரிசிப் பையைப் பிரிக்க வேண்டும். கூடாரத்தின் கயிற்றை அளவாக நறுக்க வேண்டும். வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய். குழந்தைகள் தீயில் வாட்டுவதற்குக் குச்சியைக் கூராக்கித் தர வேண்டும். தொலைந்துபோன கூடார முளைக்குப் பதில் ஒன்றைச் சீவ வேண்டும். ஈரமான காலையில் தீ பிடிக்காதபோது, காய்ந்த கட்டையின் உட்பகுதியிலிருந்து மெல்லிய சுருள்களாகச் சீவி எடுக்க வேண்டும். விலைக்கு வாங்கிய விறகுத் துண்டை விரல் பருமனுள்ள சிராய்களாகப் பிளக்க வேண்டும். மணிக்கட்டுப் பருமனுள்ள பட்ட கிளை ஒன்றைத் துண்டாக்க வேண்டியும் வரலாம்.

இந்தப் பட்டியலில் கடைசி இரண்டைத் தவிர எதற்கும் பெரிய கத்தி தேவையில்லை. அந்த இரண்டுக்கும்கூட வேறு வழி இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். மற்ற அனைத்துக்கும் தேவை உள்ளங்கை அகலத்தைவிடச் சற்று நீளமான, மெல்லிய, கூரான, கைக்கு அடக்கமான ஒன்று. மடக்குக் கத்தியைவிட மடக்காத கத்தி இங்கே மேல் என்பதற்குக் காரணம் எளிமையானது. அழுத்தும்போது விரல்மேல் மடங்கிவிடாது. மீனோ இறைச்சியோ வெட்டிய பின் கழுவுவது சுலபம். மூட்டுக்குள் மண் புகுந்து இறுகிவிடுவதற்கு அதில் மூட்டே இல்லை.

ஆனால் கடையில் கண்ணைக் கவர்வது வேறொன்று. ஐந்து, ஆறு மில்லிமீட்டர் தடிமன். கறுப்புப் பூச்சு. முதுகில் ரம்பப் பல். அதன் பெயரிலேயே போரோ உயிர்பிழைத்தலோ இருக்கும். இந்த வடிவத்துக்கு ஒரு வம்சாவளி உண்டு. 1827ல் மிசிசிப்பி ஆற்றின் மணல்திட்டில் நடந்த ஒரு கைகலப்புக்குப் பிறகு ஜேம்ஸ் பூயி என்பவரின் பெரிய கத்தி அமெரிக்கா முழுவதும் பேச்சானது. 1836ல் அவர் அலமோவில் இறந்தபோது அது காவியத் தன்மையை அடைந்தது. மலிவுவிலை சாகச நாவல்கள் மிச்சத்தைச் செய்தன. நம் தலைமுறைக்கு அதைப் புதுப்பித்துத் தந்தது 1982ல் வந்த ‘ஃபர்ஸ்ட் பிளட்’ திரைப்படம். டேவிட் மோரல் 1972ல் எழுதிய நாவலின் திரைவடிவம் அது. அதில் ராம்போ வைத்திருந்த கத்தியின் பிடி உள்ளே குடைவானது. தீக்குச்சியும் தூண்டில் கயிறும் அதற்குள் இருக்கும். அதை வடிவமைத்தவர் ஜிம்மி லைல் என்ற தேர்ந்த கத்திக் கலைஞர். அவருடையது நன்றாகச் செய்யப்பட்டது. ஆனால் அதைப் பார்த்துச் செய்யப்பட்ட மலிவான பிரதிகளில், அலகின் வால் பிடிக்குள் நீளாததால், ஓங்கி அடித்தால் அலகு ஒரு பக்கமும் பிடி ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடக்கூடிய பலவீனம் இருந்தது. உயிர்காக்கும் என்று விற்கப்பட்ட பொருளில் உள்ளே வைத்த தீக்குச்சிக்காகக் கத்தியின் உயிர்நிலையே விட்டுக்கொடுக்கப்பட்டிருந்தது.

*

இந்த மயக்கம் புதிதல்ல. 1884ல் ‘வுட்கிராஃப்ட்’ என்ற சிறு நூல் வெளிவந்தது. ஆசிரியர் பெயர் நெஸ்மக். அது புனைபெயர், சிறுவயதில் தனக்குக் காட்டைக் கற்றுத்தந்த பூர்வகுடி மனிதர் ஒருவரின் பெயரைத்தான் ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் தன் எழுத்துக்குச் சூட்டிக்கொண்டார். 1821ல் பிறந்தவர். தொழில் காலணி தைப்பது. ஐந்தடி மூன்று அங்குல உயரம், ஐம்பது கிலோவுக்கும் குறைவான எடை, காசநோய் தாக்கிய உடல். ‘ஃபாரஸ்ட் ரூன்ஸ்’ என்ற கவிதைத் தொகுப்பு 1887ல் வந்தது. மூன்றாண்டுகளில் இறந்துவிட்டார்.

நோயாளியான அந்த மனிதர் 1883ல் அடிரோண்டாக் மலைப்பகுதியின் ஏரிகளிலும் ஆறுகளிலும் 266 மைல் தூரம் ஒரு குட்டிப் படகில் தனியாகச் சென்றுவந்தார். படகின் எடை ஐந்து கிலோவுக்கும் குறைவு. அதற்கு அவர் இட்ட பெயர் சேரி கேம்ப். டிக்கன்ஸின் ‘மார்ட்டின் சஸில்விட்’ நாவலில் வரும் குடிகாரத் தாதியின் பெயர். அவள் மதுவில் தண்ணீர் சேர்க்க மாட்டாள். என் படகும் தண்ணீர் ஏற்காது என்பது அவருடைய நகைச்சுவை. எடை அவருக்கு உயிர்ப்பிரச்சினையாக இருந்தது. தூக்க முடிந்ததை மட்டுமே அவரால் கொண்டுபோக முடியும். ஆகவே ஒவ்வொரு கருவியையும் அது செய்யும் வேலையை வைத்து எடைபோட்டார்.

வெட்டும் கருவிகளில் அவர் எடுத்துச்சென்றவை மூன்று. இருபுறமும் வாய் கொண்ட ஒரு சிறு கைக்கோடரி. மனதுக்குப் பிடித்தது கடையில் கிடைக்காமல், அறுவை சிகிச்சைக் கருவிகள் செய்யும் ஒருவரிடம் சொல்லிச் செய்துகொண்டது. இரண்டு அலகுள்ள ஒரு மடக்குக் கத்தி. மெல்லிய அலகுள்ள ஒரு மடக்காத கத்தி. கடைகளில் விற்ற தடித்த வேட்டைக் கத்திகளை அவர் கிண்டல் செய்கிறார்: அவை கொலைகாரத் தோற்றம் கொண்டவை, பயன் குறைந்தவை, சாகச நாவலின் அட்டைக்குத்தான் பொருத்தமானவை என்பது அவருடைய கட்சி. 140 ஆண்டுகளுக்கு முன்னரே இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டாமவர் ஹோரஸ் கெபார்ட். 1862ல் பிறந்தவர். கார்னல், யேல் பல்கலைக்கழகங்களின் நூலகங்களில் பணிபுரிந்து, இடையில் ஃபுளோரன்ஸ் நகரில் பெத்ரார்க் தொகுப்பில் வேலைசெய்து, பின்னர் செயின்ட் லூயிஸ் நகரின் முக்கியமான நூலகம் ஒன்றின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர். மனைவி, ஆறு குழந்தைகள். குடிப்பழக்கமும் மனமுறிவும் சேர்ந்து 1904 வாக்கில் அந்த வாழ்க்கை முழுவதையும் உடைத்தன. அவர் தனியாக வட கரோலினாவின் ஸ்மோக்கி மலைகளுக்குச் சென்று ஓடைக்கரையில் ஒரு மரக்குடிலில் வாழத் தொடங்கினார். 1906ல் முகாம் வாழ்க்கை பற்றிய அவருடைய பெருநூல் வந்தது. இன்றளவும் வாசிக்கப்படும் நூல்.

அட்டவணை தயாரிப்பவரின் துல்லியத்தோடு அவர் தன் கத்தியை விவரித்திருக்கிறார். அலகு நாலரை அங்குலம். பிடியும் நாலரை அங்குலம். அலகின் அகலம் ஒரு அங்குலம். முதுகின் தடிமன் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது சுமார் மூன்று மில்லிமீட்டர். அலகு பிடியின் கடைசிவரை நீண்டு ஆணியால் இறுக்கப்பட்டிருந்தது. எஃகின் பதத்தைப் பற்றி அவர் சொல்வது முக்கியமானது. பச்சை மரக் குச்சியை வெட்டும் அளவுக்குக் கடினமாகவும், கணுவிலோ எலும்பிலோ பட்டால் சில்லாக உடையாமல் விளிம்பு சற்று மடங்கும் அளவுக்கு மென்மையாகவும் அது இருந்தது. மடங்கிய விளிம்பைத் தீட்டுக்கல்லில் சரிசெய்துவிடலாம். உடைந்த பல்லைத் தேய்த்தெடுக்க அலகில் பாதி போய்விடும்.

செருப்புத் தைப்பவரின் தோல்கத்தியில் தொடங்கி மச்செட்டே வரை எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்த்த பிறகு கெபார்ட் வந்து நின்ற இடம் அது. செய்தவர் பெயர் தெரியாத ஒரு கிராமத்துக் கொல்லர். பார்க்க அழகில்லாத கத்தி என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் அவர் வைத்திருந்த மற்ற எல்லாக் கத்திகளும் சேர்ந்து செய்த வேலையைவிட அது அதிகம் செய்தது. அந்த வேலை என்ன? பெரும்பாலும் குச்சி சீவுவது, பன்றி இறைச்சியை நறுக்குவது, உருளைக்கிழங்கு வறுவலுக்கு உதவுவது. காட்டில் ஆண்டுக்கணக்கில் தனியாக வாழ்ந்த மனிதரின் கத்தி செய்த வேலை இது. கரடியோடு மல்லுக்கட்டியதாக ஒரு வரியும் அதில் இல்லை.

*

தடிமன் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கொஞ்சம் கணக்காகவும் பார்க்கலாம். அலகு முதுகிலிருந்து விளிம்புவரை ஒரே சரிவாக இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அகலம் 25 மில்லிமீட்டர், முதுகு இரண்டரை மில்லிமீட்டர் என்றால், அலகு பொருளுக்குள் நுழையும்போது உண்டாக்கும் ஆப்பின் கோணம் ஏறக்குறைய ஆறு பாகை. முதுகு ஐந்து மில்லிமீட்டர் என்றால் அது இரட்டிப்பாகிவிடும். காரட்டை வெட்டினால் முதல் கத்தி வெட்டும். இரண்டாவது பாதிவரை இறங்கிப் பிறகு படாரென்று பிளக்கும். மரத்தைச் சீவினால் முதலாவது சுருளை எடுக்கும். இரண்டாவது சுருளை உடைத்துத் துண்டாகத் தள்ளும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தடிமன் இரட்டிப்பானால் அலகு வளைவதை எதிர்க்கும் திறன் எட்டு மடங்காகிறது. தடித்த கத்தியை ஆதரிப்பவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் கேள்வி, நாம் கத்தியை எத்தனை முறை நெம்புகோலாகப் பயன்படுத்தப்போகிறோம் என்பது. அந்த எட்டு மடங்கு வலிமை எப்போதோ ஒருமுறை தேவைப்படும். இரட்டிப்பான ஆப்பும் எடையும் ஒவ்வொரு வெங்காயத்திலும் கூடவே இருக்கும்.

வெட்டுதல் என்பதற்கும் இதே கணக்குதான். ஓங்கி வெட்டும்போது வேலை செய்வது கூர்மை மட்டுமல்ல, கைக்கு முன்னால் உள்ள எடையும் அது வந்து சேரும் வேகமும். நூறு கிராம் கத்தியையும் அறுநூறு கிராம் கைக்கோடரியையும் ஒரே வேகத்தில் இறக்கினால் கோடரியின் ஆற்றல் ஆறு மடங்கு. பத்து சென்டிமீட்டர் அலகை எவ்வளவு தடிமனாக்கினாலும் அது கோடரி ஆகாது. நல்ல கத்தியாக இருப்பதை மட்டும் நிறுத்திக்கொள்ளும்.

அப்படியானால் சிறுவெட்டு வேலைகளுக்கு என்ன வழி? இதற்கு விடை தேட, வெட்டுக்கத்தியை நம்பி வாழ்ந்த சமூகங்கள் என்ன செய்தன என்று பார்ப்பது நல்லது.

ஸ்காண்டிநேவியாவின் வடகோடியில் கலைமான் மேய்க்கும் சாமி மக்களிடம் லெயுகு என்றழைக்கப்படும் பெரிய கத்தி உண்டு. அலகு ஏறக்குறைய இருபது சென்டிமீட்டர். நீளத்துக்கு மெலிந்தது. பிடி பிர்ச் மரம்; முனையில் விரிந்திருப்பதால் கையுறை அணிந்த கையிலிருந்தும் வழுவாது. அங்கே மலைச்சரிவில் வளரும் பிர்ச் மரங்கள் குட்டையானவை, மெல்லியவை. அந்த மரத்துக்கு ஏற்ற எடை அந்தக் கத்திக்கு. ஆனால் சாமி மக்கள் லெயுகுவை மட்டும் வைத்துக்கொள்வதில்லை. அதோடு ஒரு சிறு கத்தியும் இடுப்பில் இருக்கும். இரண்டையும் சேர்த்துச் செருகும் இரட்டை உறைகளும் உண்டு. நேபாளத்தின் குக்ரி உறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அதன் பின்புறம் இரண்டு குட்டிக் கருவிகள் செருகியிருக்கும். ஒன்று கர்தா, நுண்ணிய வேலைக்கான சிறு கத்தி. மற்றது சக்மக், விளிம்பைச் சரிசெய்யவும் தீப்பொறி எழுப்பவும். போர்னியோவின் தயாக் மக்களுடைய மண்டாவ் வாளின் உறையிலும் பிரம்பு சீவுவதற்கான சிறு கத்தி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும்.

பனிநிலம், இமயம், நிலநடுக்கோட்டு மழைக்காடு. மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நிலங்கள். மூன்றிலும் பெரியதோடு சிறியதும் போகிறது. நமக்கும் இது புரியாத விஷயமல்ல. இளநீர் சீவும் அரிவாளைக் கொண்டு யாரும் உருளைக்கிழங்கு தோல் சீவுவதில்லை. அடுக்களையில் அரிவாள்மணை தனி, தேங்காய் உடைக்கும் வெட்டுக்கத்தி தனி. எல்லாவற்றையும் செய்யும் ஒரே கத்தி என்பது கத்தியால் பிழைப்பவர்களின் கண்டுபிடிப்பு அல்ல. விடுமுறைக்குக் காட்டுக்குப் போகிறவர்களின் கனவு அது.

*

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். நெஸ்மக்கின் கோடரியும் சாமி மேய்ப்பரின் லெயுகுவும் தினமும் விறகு வெட்டியவர்களுக்கு. நாம் வருடத்துக்கு மூன்று முறை போகிறோம், இரண்டு மூன்று கருவிகளைச் சுமப்பானேன் என்று கேட்கலாம். ஒரே தடித்த கத்தியை வைத்துக்கொண்டு அதன் முதுகில் கட்டையால் தட்டி விறகைப் பிளந்துகொள்ளலாமே என்பது பலருடைய வாதம்.

நான் இதை அப்படியே திருப்பிப் பார்க்கிறேன். நாம் போகும் காடு நெஸ்மக்கின் காடு அல்ல. கெபார்ட் வாழ்ந்த அதே ஸ்மோக்கி மலைகள் இன்று தேசியப் பூங்கா. அங்கே உயிருள்ள மரத்தில் கை வைக்கக் கூடாது. வெளியிலிருந்து விறகு கொண்டுவருவதென்றால், 2015 முதல், வெப்பத்தால் பதப்படுத்தி முத்திரையிடப்பட்ட விறகு மட்டுமே அனுமதி. 2002ல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட மரகத வண்ணத் துளைப்பான் போன்ற பூச்சிகள் விறகில் ஏறிப் பயணம் செய்து ஆஷ் மரங்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றதன் விளைவு இந்த விதி. பூங்காவுக்குள் பட்டு விழுந்து கிடக்கும் கட்டையைப் பொறுக்கித் தீ மூட்டிக்கொள்ளலாம். ஆக, ஓங்கி வெட்டுவதற்கு நமக்கு அநேகமாக மரமே இல்லை. இருப்பது இரண்டே வேலை: காய்ந்து விழுந்த கிளையைத் துண்டாக்குவது, விறகைச் சிராயாக்குவது.

முதல் வேலைக்கு ஒரு மடக்கு ரம்பம் போதும். இருநூறு கிராம் அளவில் கிடைக்கிறது. மணிக்கட்டுப் பருமனை ஒரு நிமிடத்துக்குள் அறுத்துவிடும். களைத்த கையிலும் சறுக்கி முழங்காலில் இறங்குவது அரிது. இரண்டாவது வேலைக்கு, நேர்த்தியான இழையுள்ள, கணு இல்லாத துண்டாகத் தேர்ந்தெடுத்தால், மூன்று மில்லிமீட்டர் கத்தியே தாங்கும். அலகைவிடக் குறுகலான துண்டை எடுக்க வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும். இரும்பாலோ கல்லாலோ அல்ல, மரக்கட்டையால் தட்ட வேண்டும். கணு வந்தால் அந்தத் துண்டை அப்படியே தீயில் போட்டுவிட்டு வேறு துண்டை எடுப்பதில் எந்த அவமானமும் இல்லை. கத்தியை வலிமையாக்குவதற்குப் பதில் விறகைப் பார்க்கக் கற்றுக்கொள்வது என்று இதைச் சொல்லலாம்.

ஆகவே தேர்வு செய்ய விரும்புகிறவருக்கு என் யோசனை இது. அலகு 10 முதல் 12 சென்டிமீட்டர். முதுகு இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர். சற்றுக் கூடினால் மூன்றரை. அலகின் வால் பிடிக்குள் நன்றாக நீண்டிருக்க வேண்டும். பின்முனை வரை சென்றால் இன்னும் நல்லது. எஃகின் பெயர்களில் மூழ்க வேண்டியதில்லை. ராக்வெல் அளவில் 56 முதல் 60 வரையிலான கடினத்தில் ஒழுங்காகப் பதம் ஏற்றப்பட்டதாக இருந்தால் போதும். கரிம எஃகு எளிதில் தீட்டத் தரும். துடைத்து எண்ணெய் தடவாவிட்டால் துருப்பிடிக்கும். எலுமிச்சம்பழத்தோடும் புளியோடும் புழங்கும் நம் சமையலுக்குத் துருப்பிடிக்காத எஃகே சௌகரியம். பிடி மரமோ ரப்பரோ, நனைந்த கையில் சுழலாத நீள்வட்ட வடிவம் வேண்டும். உறை கத்தியை இறுகப் பற்ற வேண்டும். தலைகீழாக உதறினாலும் விழக் கூடாது. ரம்பப் பல், பிடிக்குள் குடைவு, இருபுறக் கூர் ஆகியவை வேண்டாம். முதுகில் பல் இருந்தால் கட்டைவிரலை அங்கே வைத்து அழுத்த முடியாது. நுண்ணிய வேலை எல்லாம் அந்தக் கட்டைவிரலில்தான் இருக்கிறது.

இந்த விவரணைக்கு மிக அருகில் வருவது ஸ்வீடனின் மோரா நகரத்துக் கத்தி. அங்கே 1891 முதல் தொழிற்சாலையில் கத்தி செய்கிறார்கள். எளிய ரகம் நூறு கிராமுக்குள். ஒரு குடும்பம் உணவகத்தில் ஒருவேளை சாப்பிடும் செலவைவிடக் குறைவு. அதன் அலகு பாதிக்கு மேல் தட்டையாக வந்து விளிம்பை ஒட்டி மட்டும் ஒரே சாய்வாகச் சரிகிறது. அந்தச் சாய்வை அப்படியே கல்லில் படியவைத்துத் தேய்த்தால் கூர் வந்துவிடும். புதிதாகத் தீட்டக் கற்பவருக்கு இதைவிட நல்ல ஆசான் இல்லை. குறையும் உண்டு. காய்கறியில் இந்தச் சாய்வு சற்று ஆப்பாகத்தான் நடந்துகொள்ளும். அதன் எளிய ரகங்களில் வால் பின்முனை வரை போவதில்லை. அந்தக் குறைகளோடும் அது ஐந்து மில்லிமீட்டர் கத்தியைவிட நூறு வேலைகளில் தொண்ணூறை நன்றாகச் செய்யும் என்பது என் அபிப்பிராயம். மெய்யாகவே பசுமையான புதர்களை வெட்டி வழியமைக்க வேண்டிய நிலத்தில் வாழ்பவர் என்றால், லெயுகு போன்றோ பராங் போன்றோ நீளமான ஒன்றை எடுங்கள். கூடவே சிறியதையும் வையுங்கள்.

கத்தியைவிட முக்கியமானது அதைப் பிடிக்கும் முறை. உட்கார்ந்து தொடைகளுக்கு நடுவே சீவக் கூடாது. தொடையின் உட்புறம் ஓடும் பெருந்தமனி வெட்டுப்பட்டால் காட்டில் மருத்துவமனை வரும்வரை காத்திருக்காது. முழங்கையை முழங்கால் மேல் ஊன்றி, உடலுக்கு வெளியே சீவ வேண்டும். கை எட்டும் வட்டத்துக்குள் குழந்தை நிற்கக் கூடாது. மழுங்கிய கத்தி கூரானதைவிட ஆபத்தானது, ஏனென்றால் அதை அழுத்த வேண்டியிருக்கிறது. இவை எல்லாவற்றையும் பத்து வயதுக் குழந்தைக்குக் கற்றுத்தர முடியும், கத்தி அதன் கைக்கு அடங்குவதாக இருந்தால். தடித்த போர்க்கத்தியை வைத்துக்கொண்டு யாரும் குழந்தைக்குச் சீவக் கற்றுத்தருவதை நான் பார்த்ததில்லை. அதை அப்பா மட்டும்தான் தொடுவார். அவரும் பெரும்பாலும் படம் எடுப்பதற்குத்தான்.

எனக்கு இதில் கவலை தருவது பணவிரயமோ எடையோ அல்ல. உயிர்பிழைக்கும் கத்தி காட்டை முன்கூட்டியே எதிரியாக வரையறுத்துவிடுகிறது. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு போகிறவர் எந்தத் திசையிலிருந்து ஆபத்து வரும் என்று பார்த்துக்கொண்டே நடக்கிறார். எந்த மரத்தின் பட்டை எளிதாகத் தீப்பிடிக்கும், எந்தக் கட்டையின் இழை நேராக ஓடும், மழைக்குப் பிறகும் காய்ந்த சுள்ளி எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் அவர் கண்ணில் படுவதில்லை. மெல்லிய கத்தி உள்ளவருக்கு இவற்றைக் கவனிப்பதைத் தவிர வேறு வழியில்லை. கருவியின் போதாமையைக் கவனத்தால் நிரப்ப வேண்டியிருக்கிறது. காடு நமக்குப் பழக்கமாவது அப்படித்தான்.

கெபார்ட் ஸ்மோக்கி மலைகளுக்கு வந்த காலத்தில் வெட்டுமர நிறுவனங்கள் அங்கே இறங்கிக்கொண்டிருந்தன. சரிவுகள் ஒவ்வொன்றாக மொட்டையாயின. தன் கடைசிப் பத்தாண்டுகளில் பெரும்பகுதியை அந்தக் காட்டைத் தேசியப் பூங்காவாக்குவதற்காக எழுதுவதில் அவர் செலவிட்டார். ஜப்பானில் பிறந்த ஜார்ஜ் மாசா என்ற புகைப்படக்காரர் கனமான கேமராவைத் தூக்கிக்கொண்டு அவரோடு சிகரங்களில் ஏறினார். அப்பலாச்சியப் பாதை அந்த மலைகளில் எப்படிச் செல்ல வேண்டும் என்பதை வகுத்ததிலும் இருவருக்கும் பங்குண்டு. 1931ல் ஒரு கார் விபத்தில் கெபார்ட் இறந்தார். பூங்கா 1934ல் உருவானது. அவர் பெயரால் அங்கே ஒரு சிகரம் இருக்கிறது. நொறுங்கிப்போன நிலையில் வந்த தன்னைத் திரும்பக் கட்டித்தந்த காட்டுக்கு அவர் செலுத்திய கைம்மாறு அது.

அந்தக் காட்டில் அவர் கையில் இருந்தது நாலரை அங்குல அலகு. உருளைக்கிழங்குக்கும் குச்சிக்கும் அது போதுமானதாக இருந்தது. அடுத்த முறை முகாமுக்குப் பெட்டி கட்டும்போது, சமையலறை மேடையில் தினமும் கை தானாகப் போய் எடுக்கும் அந்தச் சிறு கத்தியை ஒருமுறை பாருங்கள். அதற்கு நல்ல உறையும் கொஞ்சம் வலுவான முதுகும் சேர்த்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். கடைக்குப் போகும்போது தேட வேண்டியது அதைத்தான்.